பதினோரு மணிக் குரல்

சிவப்பாக வரவேண்டிய துணி பச்சையாக வந்து இறங்கியது.

இளம்பச்சை கூட இல்லை. சோடா பாட்டில் பச்சை. டெம்போவின் பின்கதவைத் திறந்த லோடுமேன் அப்படியே நின்றுவிட்டான். கட்டிங் மாஸ்டர் தலையில் கை வைத்தார். கூடி நின்றவர்களில் துளியும் அதிர்ச்சி அடையாத ஒரே ஆள் ஆஷா.

காரணம், பச்சைச் சாயம் போடச் சொல்லி டையிங்குக்கு போன் செய்ததே அவள்தான்.

அவளை அப்படிச் சொல்லச் சொன்னவர் முதலாளி மோகன்ராஜ்.

"ஏனுங்க ஆஷா, இது யாரு சரக்கு?" என்று கேட்டபடி படியிறங்கி வந்தவரும் அதே மோகன்ராஜ்தான்.

"நம்ம டென்மார்க் ஆர்டர் சார். கிறிஸ்துமஸ் டீ-ஷர்ட்."

"அது சிவப்பல்லங்க? காலர்தானே பச்சை?"

"நீங்கதான சார் மாத்தச் சொன்னீங்க? பாடி பச்சை, காலர் சிவப்புன்னு. போன வாரம் இன்டர்காம்ல…"

"நானுங்களா?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஆஷா பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பாள். அவர் கோபப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் நடத்தாத பாடத்திலிருந்து கேள்வி வந்த பையனைப் போல விழித்தார். "நான் சொல்லலீங்களே."

ஆஷா அந்தக் கம்பெனியின் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்பதற்கும் தையல் கூடம் தைப்பதற்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச்சு வாங்குகிற உத்தியோகம். 2004-ல் திருப்பூரில் ஈ-மெயில் வந்துவிட்டிருந்தது; ஆனால் மோகன்ராஜின் கம்பெனிக்குள் எல்லாம் வாய்ப்பேச்சுதான். அவர் இன்டர்காமில் சொல்வார், ஆஷா டையிங்குக்குச் சொல்வாள், துணி வந்துவிடும். யாரும் எழுதிக் கேட்டதில்லை. எழுதிக் கேட்டால், உன்னை நம்பவில்லை என்று அர்த்தம். அந்த ஊரில் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது.

அதனால் இப்போது ஆஷாவிடம் இருந்தது அவளுடைய வார்த்தை மட்டும். எதிரே இருந்தது முதலாளியின் வார்த்தை.

"தப்பு உங்களுது. அதை மறைக்க மாமா மேலயே போடறீங்களே அம்மிணி, இது உங்களுக்கே நல்லாருக்குதுங்களா?" என்றான் சென்னியப்பன். முதலாளி மனைவியின் தம்பி. கம்பெனிக்கு மேனேஜர். "பச்சை மேல சிவப்பு ஏறுமா? புதுசா நிட்டிங் ஓட்டி, புதுசா சாயம் போட்டு… ஷிப்மென்ட் தேதி கிட்ட வந்துட்டுது."

"நான் பொய் சொல்லல சார்."

"அப்ப மாமா பொய் சொல்றாருங்களா?"

அந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் பதில் சொன்னாலும் வேலை போய்விடும். ஆஷா மோகன்ராஜைப் பார்த்தாள். அவர் பச்சைத் துணியின் ஓரத்தை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"விடு சென்னியப்பா" என்றார் கடைசியில். "ஆஷா, இந்த ஷிப்மென்ட்டைக் கரையேத்திக் குடுத்துருங்க. அப்புறம்… வேற நல்ல எடமாப் பாத்துக்குங்க. கோவிச்சுக்காதீங்க."

வேலையை விட்டு அனுப்புவதைக்கூட 'ங்க' போட்டுத்தான் சொன்னார்.

*

"ஏட்டி, வெளங்கலியா உனக்கு?" என்றான் ராஜ்கமல். ஆஷாவின் கணவன். இன்னொரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். இரண்டு பேரும் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். "ஒன்னைய வெளிய தள்ளப் பாக்காரு. அந்த மச்சினனுக்குக் கொழுந்தியா ஒருத்தி எம்.பி.ஏ. முடிச்சிட்டு சும்மா இருக்காளாம்லா. அந்தச் சீட்டு வேணும் அவங்களுக்கு."

"நானும் அப்படித்தான் நெனைச்சேன்."

"பொறவு என்ன?"

"அவரு மூஞ்சியப் பாத்தேன். பொய் சொல்லுத மூஞ்சி இல்ல அது. நெசமாவே தெரியாம முழிச்சாரு."

"ஆமா, நீ பெரிய சி.ஐ.டி."

"ஒரு தடவை இல்லங்க, இது மூணாவது தடவை. மொதல்ல லாரியக் கேன்சல் பண்ணச் சொன்னாரு. சாயங்காலம் வந்து, லாரி எங்கன்னு கேட்டாரு. பொறவு சென்னை ஏஜென்ட்ட போன்ல ஏறுக்கு மாறாப் பேசிட்டு, மறுநா நான் பேசவே இல்லங்காரு. அப்பல்லாம் பெரிசா எடுத்துக்கிடல. இப்ப துணியே பச்சையா வந்து நிக்கி."

ராஜ்கமல் சிரிப்பை நிறுத்தினான். சட்டைப் பையிலிருந்து அவனுடைய புதுச் செல்போனை எடுத்தான். வாங்கிய நாளிலிருந்து அதைத் துடைத்துத் துடைத்தே பாதி தேய்த்திருந்தான்.

"இதுல ரெக்கார்டு பண்ணலாம். ஒரு நிமிசம் ஓடும். அவரு இன்டர்காம்ல கூப்பிட்டா, ரிசீவரு பக்கத்துல இதப் பிடி." கொடுத்துவிட்டு உடனே சேர்த்தான்: "கீழ போட்டுராத."

*

செல்போன் ஆஷாவின் மேஜையில் ஃபைலுக்கு அடியில் காத்திருந்தது. வேவு பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு ஒரு விஷயம் உறைத்தது. முதலாளி குழப்பமாகப் பேசிய ஒவ்வொரு தடவையும் டீ நேரத்தை ஒட்டித்தான். சங்கு ஊதி, தையல் கூடத்து ஆட்கள் டம்ளரும் பன்னுமாக வெளியே போய் உட்காரும் அந்தப் பதினோரு மணி. காலையில் வரும்போது அவர் சரியாக இருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் சரியாக இருந்தார்.

இன்னொன்றும் உறைத்தது. சென்னை ஏஜென்ட் நேரில் வந்திருந்த நாளில் அதே பதினோரு மணிக்கு மோகன்ராஜ் பிரமாதமாக இருந்தார். எத்தனை கிலோ நூலுக்கு எத்தனை டஜன் என்று கால்குலேட்டர் இல்லாமலே சொல்லி ஏஜென்ட்டை அசர வைத்தார்.

வெளியாள் இருந்தால் ஒழுங்கு. தான் மட்டும் இருந்தால் குழப்பம்.

'அப்படியானால் நடிப்புதானா?' ராஜ்கமல் சொன்னதுதான் சரியோ என்று முதல் முறையாகத் தோன்றியது.

புதன்கிழமை சங்கு ஊதிச் சற்று நேரத்தில் இன்டர்காம் அடித்தது. ஆஷா ரெக்கார்டு பட்டனை அழுத்தி, செல்போனை ரிசீவரோடு சேர்த்துப் பிடித்தாள்.

"ஆஷா… அந்தப் பட்டன் எல்லாத்தையும் எடுத்துருங்க."

குரல் அவருடையதுதான். ஆனால் பேட்டரி தீரப்போகிற டேப் ரெக்கார்டர் மாதிரி இழுத்தது.

"டீ-ஷர்ட்ல பட்டன் கிடையாதே சார்."

"எடுத்துருங்கன்னா எடுத்துருங்க! எத்தனை தடவை சொல்றது? எடுத்து… சேவூர்ல எங்க ஊட்டுக்கு அனுப்பிருங்க. லாரி வந்துட்டுதா?"

"எந்த லாரி சார்?"

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ரிசீவர் எங்கோ விழுந்த சத்தம்.

ஒரு ஆளை வேலையை விட்டுத் துரத்த இப்படி யாராவது நடிப்பார்களா? துரத்த நினைப்பவன் பச்சை, சிவப்பு என்று மாட்டிவிடுவான். இல்லாத பட்டனை எடுக்கச் சொல்ல மாட்டான்.

*

மதியச் சாப்பாட்டுக்குப் பின் கேபினில் அந்த ஒலிப்பதிவை அவர் முன்னால் ஓட விட்டாள். சென்னியப்பனும் இருந்தான்.

மோகன்ராஜ் முழுவதும் கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். நாற்பத்தெட்டு வயது முகம் அறுபதைத் தாண்டியது போல ஆகிவிட்டது.

"என்ற குரல்தான்" என்றார் மெதுவாக. "ஆனா நான் பேசலை."

"செல்போன்ல இப்பல்லாம் என்ன வேணாலும் பண்றாங்க மாமா…"

"சும்மா இரு சென்னியப்பா." அவர் நெற்றியைத் தேய்த்தார். "காலைல வந்தேன், சாம்பிள் பாத்தேன். அப்புறம்… சோறு திங்கற நேரம் வரைக்கும் என்ன பண்ணினேன்னு யோசிச்சா சாயம் போடாத துணியாட்ட வெள்ளையா இருக்குது. இன்னைக்கு மட்டும் இல்ல. கொஞ்ச நாளாவே அப்படித்தான். யார்கிட்டயும் சொல்லல."

அவர் பொய் சொல்லவில்லை. அவளும் பொய் சொல்லவில்லை. பச்சைத் துணி மட்டும் கீழே அடுக்கிக் கிடந்தது.

"எங்கப்பனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார் மோகன்ராஜ். "பெத்த புள்ளையவே யாருன்னு கேப்பாரு. அவருக்கு எழுபதுல வந்துச்சு. எனக்கு இப்பவே வந்துட்டுது." மேஜை மேலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மைத்துனன் பக்கம் தள்ளினார். "திங்கக்கிழமையிலிருந்து நீயே பாத்துக்க. நான் ஊட்ல இருந்துக்கறேன். ஆஷா, உங்க மேல தப்பில்லைங்க. மன்னிச்சுக்குங்க."

சென்னியப்பன் அவளை வாசல் வரை கொண்டுவந்து விட்டான்.

"மாமா சொல்லிட்டாருன்னு இருந்துராதீங்க அம்மிணி. மொதலாளி பேச்சையே ரெக்கார்டு பண்ற ஆளை வெச்சுக்கிட்டு என்னால கம்பெனி ஓட்ட முடியாதுங்க. வெளிய விசாரிச்சா நான் உள்ளதைச் சொல்ல வேண்டி வரும்."

உள்ளது என்றால் என்ன? 'சாயத்தின் ஷேட்டை மாற்றினாள், முதலாளியை வேவு பார்த்தாள்.' முதலாளிமார் காலையில் நடக்கிற வாக்கிங் கிரவுண்டில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மதியத்துக்குள் அவினாசி ரோடு முழுக்கப் பரவிவிடும். திருப்பூரில் வேறு எந்தக் கம்பெனியும் அவளை கேட்டுக்குள் விடாது.

நிரூபித்தாயிற்று, ஆனாலும் வேலை போகிறது. இப்போது அவளைக் காப்பாற்றக்கூடியது ஒன்றுதான். பழைய மோகன்ராஜ் திரும்பி வரவேண்டும்.

*

புத்தி பேதலித்தவர் ஏஜென்ட் வந்த அன்று மட்டும் எப்படிச் சரியாக இருந்தார்?

ஆஷா அந்தக் கேள்வியை விடவில்லை. நடிப்பு இல்லை என்றாகிவிட்டது. வியாதி என்றால் விருந்தாளியைப் பார்த்து ஒதுங்கி நிற்குமா? அன்றைக்கு என்ன வித்தியாசம்? மேஜை, நாற்காலி, ஏ.சி. எல்லாம் அதேதான். மேஜை மேல்…

கூல்டிரிங்க்ஸ்!

ஆரஞ்சு கலர் பாட்டில், இரண்டு கிளாஸ், மைசூர்பாகு. கொங்குப் பக்கம் வீட்டுக்கு ஒறம்பரை என்று விருந்தாளிகள் வந்தால் அவர்களைத் தனியாகச் சாப்பிட விடமாட்டார்கள். கூட உட்கார்ந்து தானும் ஒரு வாய் வைத்தால்தான் மரியாதை. ஏஜென்ட் குடித்தபோது மோகன்ராஜும் ஒரு கிளாஸ் குடித்தார். ஆஷா கண்ணால் பார்த்தாள்.

மற்ற நாட்களில் அவர் என்ன குடிக்கிறார்? டீக்கார அம்மா டம்ளரை நீட்டும்போதெல்லாம் கையை ஆட்டி அனுப்பி விடுகிறாரே, எப்போதிலிருந்து?

முதலாளி வீட்டுக்கு போன் போட்டாள். எடுத்தது அவர் மனைவி சித்ரகலா.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். சார் வீட்ல என்ன சாப்பிடறாரு?"

"ஏங்கண்ணு அதைக் கேக்கறே! சோறு தின்னு ரெண்டு மாசம் ஆச்சு." சித்ரகலாவின் குரலில் வருத்தமும் பெருமையும் கலந்து வந்தன. "ஒரு வெளிநாட்டு பையர் வந்து, அரிசி, சக்கரை, கெழங்கு எல்லாத்தையும் நிறுத்தி வத்தலா எளைச்சேன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டானாம். அன்னைலருந்து வாக்கிங் போற மொதலாளிமாருக்கெல்லாம் அதே பேச்சு. யாரு அதிகம் கொறைக்கறதுன்னு போட்டி. இவரு ஒம்பது கிலோ கொறைஞ்சுட்டாரு! காலைல முட்டை, மத்தியானம் கோழி, கீரை, தயிரு. இட்லி கண்ணுல படக்கூடாது. வாழைப்பழத்தைக்கூட வெசம்ங்கறாரு. என்ற தம்பியும் அதேதான் பண்றான்."

"சாருக்கு சுகர் இருக்குல்லக்கா? மாத்திரை?"

"அதை நிறுத்த முடியுங்களா? எட்டு வருசமாத் திங்கறாரு. விடிஞ்சதும் நானே கையில குடுத்துருவேன். மாத்திரையும் தின்னு, சோத்தையும் விட்டா, சக்கரை டபுளாக் கொறையுமில்ல? காலைல எந்திரிச்சதும் ஊட்டு மெஷின்ல ஒரு சொட்டு ரத்தம் வெச்சுப் பாப்பாரு. நூறுக்குக் கீழ வந்தா அன்னைக்கு வாக்கிங்ல காலரைத் தூக்கி விட்டுக்குவாரு."

"காலைல மட்டும்தான் பாப்பாராக்கா? பதினோரு மணிக்குப் பாத்ததே இல்லையா?"

"பதினோரு மணிக்கு எதுக்குங்கண்ணு பாக்கோணும்?" என்று சித்ரகலா கேட்டாள். கேட்ட தொனியிலேயே, பார்க்கத்தான் வேண்டுமோ என்ற சந்தேகம் இருந்தது.

"எனக்கும் தெரியலக்கா. ஆனா அந்த மெஷினைக் கொண்டுட்டு நாளைக்கு வாங்களேன்."

*

மறுநாள், திருடனுக்காகக் காத்திருப்பவர்கள் போல மோகன்ராஜ், சித்ரகலா, சென்னியப்பன், ஆஷா நான்கு பேரும் கேபினில் இருந்தார்கள். திருடன் எப்படி வருவான், எந்தப் பக்கமாக வருவான் என்று ஒருவருக்கும் தெரியாது.

"என்னமோ பொண்ணு பாக்க வந்தவங்களாட்ட என்னையே பாக்கறீங்க" என்றார் மோகன்ராஜ். "டாக்டர்கிட்ட பொழுது சாயப் போறேன்னு சொல்லிட்டனல்ல?"

"இருங்க, சித்த நேரம்" என்றாள் சித்ரகலா. மடியில் கைப்பை, பைக்குள் மெஷின்.

சங்கு ஊதியது. டீ வந்தது. "சக்கரை போட்டதுங்க, வேண்டாம்" என்று வழக்கம்போலக் கையை ஆட்டினார். மற்றவர்களுக்கு வந்த டம்ளர்கள் மேஜை மேல் நின்றன.

ஆஷா சாம்பிள் துணியைக் காட்டி ஷேட் பற்றிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நன்றாகத்தான் பதில் சொன்னார். பிறகு ஒரு பதில் தாமதமாக வந்தது. அடுத்தது வரவேயில்லை.

"லாரி வந்துட்டுதா?" என்றார்.

"எந்த லாரிங்க மாமா?"

"லாரி வந்துட்டுதா?"

ஏ.சி. குளிரில் அவர் கழுத்தோரம் வேர்வை ஓடியது. பேனாவைப் பிடித்த விரல்கள் நடுங்கின. ஆஷா சைகை காட்ட, சித்ரகலா அவர் விரலைப் பிடித்து ஊசியால் குத்தி, சொட்டு ரத்தத்தை மெஷினில் வைத்தாள். எண் வந்தது.

நாற்பத்தொன்று.

"ஆத்தாடி, இத்தனை நல்லாக் கொறைஞ்சிருக்குதா!" என்றாள் சித்ரகலா. அவள் வரையில் சுகர் என்பது குறையக் குறைய நல்லது.

"நல்லதுன்னா ஏன்க்கா இப்படி நடுங்குறாரு?" ஆஷா ஏற்கனவே டெலிபோனைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். குடும்ப டாக்டர் வெள்ளியங்கிரியின் கிளினிக் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. நாற்பத்தொன்று என்று சொன்னதுமே மறுமுனையில் டாக்டர் கத்தியது அறை முழுக்கக் கேட்டது.

"சக்கரை குடுங்கம்மா! உடனே! முழிச்சிட்டுத்தானே இருக்காரு? முழுங்குவாரல்ல? சக்கரைத் தண்ணி, ஜூஸு, எது கையில இருக்குதோ அது. குடுத்துட்டு இங்க கூட்டிட்டு வாங்க!"

சென்னியப்பன் பாய்ந்து டீ டம்ளரை எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனான்.

மோகன்ராஜ் தட்டிவிட்டார். டீ அவர் வெள்ளைச் சட்டையிலேயே கொட்டியது.

"வெசம்! எனக்கு வெசத்தைக் குடுக்கறயா? என்ற கம்பெனிய எடுத்துக்கப் பாக்கறயா?"

எப்போதும் 'ங்க' போட்டுப் பேசுகிற வாய் அது. சித்ரகலா அழத் தொடங்கினாள். "ஏனுங்க, ஒரு வாய்ங்க…" என்று அவள் நீட்டிய இரண்டாவது டம்ளரையும் முறைத்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டார். இரண்டு மாதமாகத் தனக்குத்தானே சொல்லிச் சொல்லிப் பழகிய பாடம். புத்தி கலங்கின நேரத்திலும் அது கலங்கவில்லை.

கலங்காதது வேறு என்ன இருக்கும்?

ஆஷா மூலையிலிருந்த சின்ன ஃப்ரிட்ஜைத் திறந்தாள். ஏஜென்ட் வந்தபோது வாங்கியதில் ஆரஞ்சு பாட்டில் ஒன்று மீதி இருந்தது. இரண்டு கிளாஸில் ஊற்றினாள். முதலாளி முன்னால் ஒருநாளும் உட்காராதவள், அவருக்கு எதிரே விருந்தாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினாள். தன்னுடையதைக் கையில் எடுத்தாள்.

"தூரத்துலருந்து வந்திருக்கேன் சார். தாகமா இருக்கு. நான் மட்டும் எப்படிக் குடிக்கிறது?"

மோகன்ராஜ் அவளைப் பார்த்தார். யார் என்று தெரிந்த பார்வை இல்லை. ஆனால் எதிரே ஒரு ஆள் கிளாஸைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது தெரிந்தது. அவருடைய கை தானாக நகர்ந்து கிளாஸை எடுத்தது.

"குடிங்க… குடிங்க" என்றார் குழறிக்கொண்டு. "வெக்கப்படாமக் குடிங்க."

அவள் குடித்தாள். அவரும் குடித்தார். அவள் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அவரும் நீட்டினார்.

கீழே தையல் மிஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின. வேர்வை நின்றது. விரல் நடுக்கம் குறைந்தது. தூங்கி எழுந்தவரைப் போல இமைகளைக் கொட்டிக்கொண்டு, மோகன்ராஜ் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

"யாருங்க டீயைக் கொட்டினது?"

சித்ரகலா அழுதபடியே முந்தானையால் அவர் சட்டையைத் துடைத்தாள்.

"ஏன் கலா அழுகறே? ஆஷா… நீங்க எப்ப உக்காந்தீங்க?"

ஆஷா சட்டென்று எழுந்தாள்.

*

டாக்டர் வெள்ளியங்கிரியிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனிக்காரர்கள். அதனால் அவருக்கு வைத்தியமே பனியன் பாஷையில்தான் வரும்.

"மூளைங்கறது நிட்டிங் மிஷின்ங்க. நூல் வந்துக்கிட்டே இருக்கோணும். குடோன்ல ஸ்டாக் வெச்சுக்காது. ரத்தத்துல வர்ற சக்கரைதான் அதுக்கு முக்கியமான நூல். நீங்க சோத்தை நிறுத்துனீங்க, சரி, உடம்பு வேற வழியில நூல் தயார் பண்ணும். கல்லீரல் குடுக்கும், கொழுப்புலருந்தும் கொஞ்சம் வரும். ஆனா உங்க மாத்திரை என்ன பண்ணும் தெரியுங்களா? நீங்க நாலு இட்லி திங்கறீங்கன்னு நெனைச்சு வேலை செய்யும். இட்லி இல்லைன்னு அதுக்குத் தெரியாது. இருக்கற நூலையும் அறுத்து விட்டுரும். நூல் அறுந்த எடத்துல துணியில ஓட்டை விழுகுமா இல்லையா? அந்த ஓட்டைதான் உங்க பதினோரு மணி."

"எங்கப்பனுக்கு வந்தது இல்லீங்களா?" என்று மோகன்ராஜ் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எல்லாருக்கும் தெரிந்தது.

"இன்னைக்கு நாம பாத்தது அது இல்லைங்க. ஆனா இப்படியே ஓட்டை மேல ஓட்டை விழுந்தா மூளைக்கு நல்லதில்ல. வண்டி ஓட்டும்போது வந்திருந்தா? ஒருநாள் எந்திரிக்காமயே போயிருக்கலாம்." டாக்டர் மாத்திரை அட்டையை வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். "எளைக்கறது தப்பில்லை. எங்கிட்ட கேக்காம எளைச்சதுதான் தப்பு. சாப்பாட்டை மாத்துனா மாத்திரையையும் நான் மாத்தியாகோணும். இந்த மாத்திரை வேகம் லேசுல எறங்காது, அதனால இன்னைக்கு இங்கயே படுத்துக்குங்க."

சென்னியப்பன் தொண்டையைச் செருமினான். "எனக்குச் சக்கரை நோவு கெடையாதுங்க டாக்டர். மாத்திரையும் இல்லை. ஆனா சோத்தை விட்டதுலருந்து தலை கிண்ணுனு இருக்குது. போன வாரம் வண்டிச் சாவிய ஃப்ரிட்ஜுல வெச்சுட்டு ஊடு பூராத் தேடினேன். அது ஏனுங்க?"

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி யோசித்தார்.

"முதல்ல கொஞ்ச நாள் அப்படி மந்தமா இருக்குதுன்னு நிறையப் பேரு சொல்றாங்க. சில பேருக்குப் பழகிப் போயிருது. வருசக்கணக்கா இப்படியே தின்னா மூளைக்கு என்ன ஆகும்னு கேட்டா, நல்லதுன்னும் எழுதறாங்க, கெட்டதுன்னும் எழுதறாங்க. உறுதியாச் சொல்ற அளவுக்கு எனக்குத் தெரியாதுங்க. சாவி விசயம்… அது சோத்தாலயா, இல்லை நீங்களே அப்படியான்னு உங்கக்காகிட்டதான் கேக்கோணும்."

"அவன் சோறு தின்ன காலத்துலயே அப்படித்தானுங்க" என்றாள் சித்ரகலா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கட்டிலில் சாய்ந்தபடி மோகன்ராஜ் ஆஷாவைக் கூப்பிட்டார். "உங்க போனைக் குடுங்க."

அது ராஜ்கமலின் போன். பயந்துகொண்டே கொடுத்தாள். ஒலிப்பதிவை அழிக்கப்போகிறார் என்று நினைத்தாள். அவர் டையிங்குக்குப் போட்டார்.

"தவசீங்களா? மோகன்ராஜ் பேசறேன். அந்தப் பச்சை ஷேட்… ஆமா, நான்தான் சொன்னது. ஆஷா சொன்னது நான் சொன்னதுங்க. நெனப்பில்லாமச் சொல்லிப்போட்டேன். யாராவது வேற மாதிரிப் பேசினா நீங்களே திருத்திருங்க. சிவப்பு நைட் ஷிப்ட்டுல ஏத்திக் குடுங்க, புண்ணியமாப் போகும்."

சென்னியப்பன் சாவிக்கொத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். மாமாவின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆஷாவைப் பார்க்காமலே, "கூல்டிரிங்க்ஸ் இன்னும் ரெண்டு கேஸ் வாங்கி வெச்சுரலாங்களா அம்மிணி?" என்று கேட்டான். அவனால் முடிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

"வாங்கி வைங்க சார்" என்றாள் ஆஷா.

*

சிவப்புச் சரக்கு தேதிக்குக் கப்பல் ஏறியது. பச்சைத் துணி வீணாகவில்லை. தீபாவளிக்குக் கம்பெனி ஆட்கள் அத்தனை பேருக்கும் பச்சை டீ-ஷர்ட். அன்றைக்கு டவுனில் எங்கே திரும்பினாலும் ஒரு பச்சை நடந்து போனது. யாராவது கேட்டால் மோகன்ராஜே கதையைச் சொன்னார். வாக்கிங் கிரவுண்டில் அதைக் கேட்டவர்களில் இரண்டு பேர் அன்று சாயங்காலமே மாத்திரை அட்டையோடு டாக்டர் வெள்ளியங்கிரி கிளினிக்கில் நின்றார்கள்.

இப்போது அவர் காலையில் அளவாக ராகிக் களி சாப்பிடுகிறார். மாத்திரையை டாக்டர் குறைத்துவிட்டார். குறைந்த ஒன்பது கிலோவில் நான்கு திரும்பி வந்துவிட்டது. மெஷின் கேபினிலேயே இருக்கிறது.

கம்பெனிக்குள் இன்னமும் எல்லாம் வாய்ப்பேச்சுதான். எழுதிக் கேட்கும் வழக்கம் வரவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் புதிதாக வந்தது. பதினோரு மணியை ஒட்டி இன்டர்காம் அடித்து, "ஆஷா, அந்த நேவி புளூவை…" என்று குரல் ஆரம்பித்தால், ஆஷா பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதலில் கேட்பாள்:

"டீ குடிச்சாச்சா சார்?"

"ஆச்சுங்க, ஆச்சுங்க. பன்னு கூட ஒண்ணு தின்னாச்சு."

"இப்ப சொல்லுங்க சார். என்ன கலர்?"